‘நீயா நானா’ கோபிநாத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி தொகுப்பாளர்கள் பற்றிப் பேச்சு வந்தால் கோபிநாத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். நிகழ்ச்சியைத் தொடக்கக் காலத்திலிருந்து பார்த்து வருகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

கோபிநாத் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கிக்காரர். 2006-இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘நீயா நானா’ விவாத நிகழ்ச்சியை இன்றுவரை நடத்துபவர். எழுத்தாளர், மேடைப் பேச்சாளர், சில படங்களில் நடித்தவர். ஆனால் தமிழ்நாட்டில் பத்துப் பேரிடம் அவர் பெயரைச் சொன்னால் பத்துப் பேருக்கும் ஞாபகம் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியும் கோட்டும்தான்.

காமெடி, பாட்டு, டான்ஸ் என்று எதுவும் இல்லாமல் ஒருவர் எப்படி ஸ்டார் தொகுப்பாளர் ஆனார்?

அவர் வந்தது செய்திப் பக்கத்திலிருந்து. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி தானாகப் புரியும்.

2000-களின் முற்பகுதியில் தமிழ் டிவியில் தொகுப்பாளர் என்றால் பெரும்பாலும் பாட்டு போடுகிறவர், போனில் நேயரோடு பேசுகிறவர். சன் டிவியில் ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ நடத்திய உமாவுக்கு நிகழ்ச்சியின் பெயரே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. பாட்டுக்குப் பாட்டு என்றால் இலங்கை வானொலியிலிருந்து வந்த பி.எச். அப்துல் ஹமீத். அவர் ஓர் எழுத்தைச் சொல்லி ‘குறில்’, ‘நெடில்’ என்று பிரித்துச் சொல்லும் உச்சரிப்புக்காகவே டிவி முன் உட்கார்ந்தவர்கள் உண்டு. இவர்கள் இருவருக்குமே குரல்தான் மூலதனம்.

கோபிநாத்துக்குக் குரல் பரவாயில்லை, அவ்வளவுதான். அவருடைய மூலதனம் கேள்வி. விஜய் டிவியில் ‘மக்கள் யார் பக்கம்’, ‘சிகரம் தொட்ட மனிதர்கள்’, ‘நடந்தது என்ன? குற்றமும் பின்னணியும்’ என்று அவர் செய்தவை எல்லாமே தகவல் சார்ந்தவை, மனிதர்களைப் பேச வைப்பவை. பொழுதுபோக்குச் சேனலுக்குள் செய்தி ஆள் ஒருவர் போய் உட்கார்ந்ததில் வந்த விளைவு அது.

பட்டிமன்றமும் அரட்டை அரங்கமும் ஏற்கெனவே இருந்தனவே. ‘நீயா நானா’வில் என்ன புதுசு?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பட்டிமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி, பொங்கல் காலையில் சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் ஓர் அணி, அந்தப் பக்கம் ஓர் அணி. எல்லாரும் தேர்ந்த பேச்சாளர்கள். ராஜா, பாரதி பாஸ்கர் பேசினால் நகைச்சுவை எங்கே வரும், கவிதை எங்கே வரும் என்று நமக்கே தெரியும். கடைசியில் தீர்ப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பேச்சு வழக்கிலேயே தீர்ப்புச் சொல்லி முடிப்பது தனி ருசி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே சாதாரண ஆள் கைதட்டுகிற இடத்தில் மட்டும்தான் இருப்பார்.

விசு அதை மாற்றினார். சன் டிவியின் ‘அரட்டை அரங்கம்’ ஊர் ஊராகப் போனது. பொதுமக்கள் எழுந்து மைக்கைப் பிடித்துப் பேசினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை அழுதுகொண்டே குடும்பக் கஷ்டத்தைச் சொல்லும், விசு உதவிக்கு ஆள் தேடுவார். பிறகு ஜெயா டிவியில் ‘மக்கள் அரங்கம்’ என்று அதையே தொடர்ந்தார். 2020 மார்ச்சில் அவர் மறைந்தபோது பலருக்கு முதலில் நினைவு வந்தது அவர் படங்களா இந்த அரங்கமா என்றால், எங்கள் வீட்டில் அரங்கம்தான். ஆனால் அங்கே பேசியவர்கள் பெரும்பாலும் தயார் செய்துகொண்டு வந்து ஒப்பித்தார்கள். விசு நாற்காலியில் இருந்து கருத்துச் சொன்னார். ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்லும் வழக்கம் குறைவு.

‘நீயா நானா’வில் இரண்டு தரப்பும் எதிரெதிராகப் படிகளில் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் மாமியார்கள், எதிரே மருமகள்கள். ஒரு பக்கம் அப்பாக்கள், எதிரே அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள். இந்த ‘சொந்த’ என்பதுதான் விஷயம். பட்டிமன்றத்தில் ‘மருமகள்கள்’ என்று பொதுவாகத் திட்டலாம். இங்கே பத்தடி தூரத்தில் உங்கள் மருமகளே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பாள். அப்புறம் வீட்டுக்கு ஒரே ஆட்டோவில் போக வேண்டும். ஒப்பித்துக்கொண்டு வந்ததெல்லாம் அந்தப் பார்வையில் மறந்துபோகும்.

நடுவில் கோபிநாத் நிற்பார். உட்கார மாட்டார், வெற்றி தோல்வித் தீர்ப்பும் சொல்ல மாட்டார். நிகழ்ச்சியின் பெருமையில் ஒரு பெரிய பங்கு இந்த அமைப்பை உருவாக்கிய இயக்குநர் ஆண்டனிக்குச் சேர வேண்டும். நேயர்கள் அதைக் கோபிநாத் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். திரையில் தெரிகிறவருக்குத்தான் பேர், என்ன செய்வது.

அவர் மேடையில் அப்படி என்னதான் செய்கிறார்? கேள்விதானே கேட்கிறார்?

அடுத்த ஞாயிறு ஒரு அரை மணி நேரம் அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

ஓர் அம்மா, “எங்க வீட்ல அப்படியெல்லாம் கிடையாது சார், மருமகளை மகளாத்தான் பார்க்கிறோம்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார். சாதாரண தொகுப்பாளர் “ரொம்ப சந்தோஷம்மா” என்று மைக்கை அடுத்தவரிடம் அனுப்பிவிடுவார். கோபிநாத் அங்கேயே நிற்பார். “சரிம்மா. காலையில முதல்ல யாரு எழுந்திருப்பாங்க?” என்பார். “அவதான்.” “எழுந்து?” “காபி போடுவா.” “முதல் காபி யாருக்கு?” “அவருக்கு, அப்புறம் எனக்கு.” “அவங்க எப்ப குடிப்பாங்க?” இப்போது அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும். எதிர்ப்பக்கம் மருமகள் ஒன்றுமே பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. இது ஓர் எபிசோடின் வசனம் அல்ல, அவருடைய முறையைக் காட்ட நான் போட்ட மாதிரி. ஆனால் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வரிசை அத்துப்படி.

கருத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேட்பது அவர் பழக்கம். ‘என்ன நினைக்கிறீங்க’ என்பதைவிட ‘அன்னைக்கு என்ன நடந்தது’, ‘அப்ப நீங்க என்ன சொன்னீங்க’ என்பது அதிகம் வரும். பேட்டி எடுக்கும் நிருபர்களுக்குப் பாலபாடம் இது. குடும்ப நிகழ்ச்சியில் அதைக் கொண்டுவந்து வைத்ததுதான் சாமர்த்தியம்.

இன்னொன்று, அவர் மௌனத்துக்குப் பயப்படுவதில்லை. ஒருவர் தடுமாறி நின்றால் உடனே வார்த்தை எடுத்துக் கொடுக்காமல் இரண்டு மூன்று வினாடி காத்திருப்பார். டிவியில் இரண்டு வினாடி என்பது ரொம்ப நேரம். உண்மையான பதில் பெரும்பாலும் அந்த இடைவெளிக்கு அப்புறம்தான் வரும்.

2022-இல் வைரலான அந்த ‘அப்பா’ எபிசோடு பற்றி?

2022 ஆகஸ்டில் வந்தது. கணவரைவிட அதிகம் சம்பாதிக்கும் மனைவிகள் ஒரு பக்கம், அவர்கள் கணவர்கள் மறுபக்கம். ஒரு மனைவி, மகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடக் கணவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார், எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கணவர் கோபப்படவில்லை. தான் படிக்கவில்லை, மகள் வாங்கிய மதிப்பெண்களைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கோபிநாத் விவாதத்தை அங்கேயே நிறுத்தினார். வழக்கமாக நிகழ்ச்சி முடிவில் கொடுக்கும் பரிசை அப்போதே வரவழைத்து, அந்தச் சிறுமியை மேடைக்குக் கூப்பிட்டு, அவள் கையால் அப்பாவுக்குக் கொடுக்க வைத்தார். கிளிப் நாடு முழுக்கப் போனது, தமிழ் தெரியாதவர்கள்கூடப் பகிர்ந்தார்கள்.

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அதற்கு அடுத்த நாட்களில் நடந்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த மனைவியைச் சமூக வலைத்தளங்களில் வறுத்தெடுத்தார்கள். விடியோவுக்குக் கீழே வந்த வசவுகளைப் படித்தால் கூசும். வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிற ஒரு பெண், சிரிப்பாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத் தெரியாத லட்சம் பேரிடம் திட்டு வாங்கினார். கோபிநாத் அப்படித் திட்டச் சொல்லவில்லைதான். இருந்தாலும் ஒருவரை மேடையில் உயர்த்தினால், பக்கத்தில் நிற்பவர் தானாகவே தாழ்ந்து தெரிவார். இத்தனை வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது.

பவர் ஸ்டார் விவகாரம் என்ன?

இது 2012. ‘லத்திகா’ என்ற படத்தைத் தானே தயாரித்து, தானே நடித்து, சொந்தச் செலவில் தியேட்டரில் நாள்கணக்கில் ஓட்டிப் பேர் வாங்கிய பவர் ஸ்டார் சீனிவாசன் விருந்தினராக வந்தார். இந்தப் புகழ் காசு கொடுத்து வாங்கியதுதானே என்ற தொனியில் கோபிநாத் அவரைத் துருவினார். சீனிவாசன் அதே புன்சிரிப்போடு உட்கார்ந்து பதில் சொன்னார்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிந்தது. அதுவரை சீனிவாசனைக் கிண்டல் செய்தவர்களே ‘பாவம்ப்பா அந்த மனுஷன்’ என்றார்கள். அடுத்த பொங்கலுக்கு, 2013 ஜனவரியில் வந்த ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’வில் அவர் வந்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. அந்தப் பேட்டியில் கேட்ட கேள்விகள் தவறானவை அல்ல. ஆனால் அதிகாரத்தில் இருக்கும் ஒருவரிடம் கேட்க வேண்டிய குரலை ஓர் அப்பாவிச் சிரிப்பின் முன்னால் பயன்படுத்தியதை நேயர்கள் ஏற்கவில்லை. அவர் தொழில் வாழ்க்கையில் ஒரு பேட்டியை மட்டும் பாடமாக வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் வைப்பேன்.

பேசுகிறவர்கள் எல்லாம் செட்டப்பா? எழுதிக் கொடுத்துப் பேச வைக்கிறார்களா?

இந்த மாதிரி நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் ஆள் தேர்வு உண்டு. தலைப்பு முடிவானதும் குழுவினர் ஆட்களைத் தேடுவார்கள், முன்கூட்டியே பேசிப் பார்ப்பார்கள், யாரிடம் என்ன கதை இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். நன்றாகப் பேசுகிறவர், முரணான கருத்து உள்ளவர், சண்டைக்கு அஞ்சாதவர் என்று கலந்துதான் உட்கார வைப்பார்கள். ஆகவே தெருவில் போகிற ஆளை இழுத்துவந்து உட்கார வைத்ததல்ல. அதற்காக வசனம் எழுதிக் கொடுத்த நாடகம் என்றும் சொல்ல முடியாது. அவ்வளவு பேருக்கு வசனம் சொல்லிக் கொடுத்து இயல்பாக நடிக்க வைக்க முடிந்தால் சீரியல்காரர்கள் எப்போதோ செய்திருப்பார்களே!

நம்மை ஏமாற்றுவது எடிட்டிங். மணிக்கணக்கில் படம்பிடித்ததைச் சுருக்கித்தான் ஒளிபரப்புகிறார்கள். நீங்கள் விளக்கமாகச் சொன்னதில் முன்னும் பின்னும் போய் நடு வாக்கியம் மட்டும் நிற்கும். புரமோவில் அதுவும் பாதியாகும். எதிரில் முகம் சுளிப்பவர் உங்கள் பேச்சுக்குத்தான் சுளித்தாரா என்பது எடிட்டருக்கே வெளிச்சம். கலந்துகொள்ள அழைப்பு வந்தால் இதை யோசித்துவிட்டுப் போங்கள்.

எடுத்த எல்லாமே ஒளிபரப்பாகுமா?

ஆகாது. 2025 மார்ச்சில் இந்தி, மும்மொழிக் கொள்கை விவாதம் சூடாக இருந்தபோது அதே தலைப்பில் எடுத்த எபிசோடு ஒளிபரப்பாகவில்லை என்று செய்தி வந்தது. குடும்பச் சண்டை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், அரசியல் வந்தால் சேனலுக்குக் கை நடுங்கும்.

சிவகார்த்திகேயன் மாதிரி இவர் ஏன் சினிமாவுக்குப் போகவில்லை?

போனார், ஆனால் குடிபோகவில்லை. 2014-இல் சமுத்திரக்கனி இயக்கிய ‘நிமிர்ந்து நில்’ படத்தில் டிவி தொகுப்பாளராகவே வந்தார். ‘திருநாள்’ படத்தில் போலீஸ்காரர். இப்படி அங்கொன்று இங்கொன்றுதான்.

விஜய் டிவி என்றாலே சினிமாவுக்கான வாசல் என்று ஆகிவிட்டது. சந்தானம் ‘லொள்ளு சபா’விலிருந்து போனார். ‘கலக்கப்போவது யாரு’வில் ஜெயித்து, ‘அது இது எது’ நடத்தி, 2012-இல் ‘மெரினா’வில் நாயகனான சிவகார்த்திகேயன் போன உயரம் எல்லாருக்கும் தெரியும். மா.கா.பா. ஆனந்தும் நாயகனாக நடித்துப் பார்த்துவிட்டு மேடைக்கே திரும்பினார். அதனால் ‘அடுத்த படம் எப்ப?’ என்பது தொகுப்பாளர்களிடம் கேட்கும் வழக்கமான கேள்வியாகிவிட்டது, ஏதோ டிவி என்பது பேருந்து நிலையம் மாதிரி.

கோபிநாத் அங்கேயே தங்கினார். அவர் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவு அதுதான் என்பது என் கணிப்பு. நகைச்சுவைத் தொகுப்பாளர் மேடையில் செய்வதையே சினிமாவிலும் செய்யலாம். கேள்வி கேட்பவருக்குச் சினிமாவில் என்ன வேலை? அங்கே எல்லாருக்கும் பதில் எழுதிவைத்திருப்பார்கள்.

பிக் பாஸ், கோடி ரூபாய் நிகழ்ச்சி எல்லாம் அவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

அந்த நாற்காலிகள் சினிமா நட்சத்திரங்களுக்கே ஒதுக்கப்பட்டவை. 2000-இல் சன் டிவி ‘கோடீஸ்வரன்’ தொடங்கியபோது சரத்குமார். 2012-இல் விஜய் டிவி ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ தொடங்கியபோது சூர்யா, பிறகு பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி. 2017-இல் ‘பிக் பாஸ்’ வந்தபோது கமல்ஹாசன், 2024-இல் அவர் இடத்துக்கு விஜய் சேதுபதி. செலவு அதிகம், ஸ்பான்சர் அதிகம், ஆகவே முதல் நாளே கூட்டம் சேர்க்கும் முகம் வேண்டும். திறமை பார்த்து நடப்பதல்ல. கமல் தவிர்த்து மற்றவர்கள் அந்த நாற்காலியில் திணறிய இடங்களைப் பார்க்கும்போது ‘இந்தக் கேள்வியைக் கோபிநாத் எப்படிக் கேட்டிருப்பார்’ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

எப்போதும் ஏன் கோட்டு?

செய்தி வாசிப்பின் மிச்சம் என்று நினைக்கிறேன். சென்னை வெயிலுக்குப் பொருத்தமில்லைதான், ஸ்டுடியோவில் ஏசி இருக்கிறது. மிமிக்ரி கலைஞர்களுக்கும் வசதி: கோட்டைப் போட்டுக் கையை ஆட்டினாலே யாரென்று தெரிந்துவிடும்.

அவர் எழுதிய புத்தகங்கள்?

‘ப்ளீஸ்! இந்தப் புத்தகத்தை வாங்காதீங்க’ தலைப்பாலேயே விற்றது. தன்னம்பிக்கை வகை. இன்றும் புத்தகக் கண்காட்சியில் கல்லூரிப் பிள்ளைகள் கையில் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது ‘நேர் நேர் தேமா’, தான் சந்தித்துப் பேட்டி கண்ட பிரபலங்களைப் பற்றியது. அதில் அறிவுரை சொல்கிற கோபிநாத்தைவிடக் கவனிக்கிற கோபிநாத் அதிகம் தெரிகிறார்.

அவர்மேல் உங்களுக்கு என்ன குறை?

மேலே பாதி சொல்லிவிட்டேன். மீதி இதுதான்: கேட்கிற வரை அவர் அபாரம், பேசத் தொடங்கினால் நீளம். நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில், அதுவரை நாற்பது பேர் முரண்பட்டுச் சொன்ன விஷயத்தை அவர் ஓர் உருக்கமான உரையாக மாற்றிவிடுவார். பின்னணி இசை ஏறும். அம்மா தெய்வம், அந்தக் காலத்து மனிதர்கள் அப்பாவிகள், நாம்தான் எதையோ தொலைத்துவிட்டோம் என்று போகும். கல்யாணத்துக்கு எத்தனை பவுன் வேண்டும் என்று மகள்கள் அம்மாவிடமே பட்டியல் போடுகிற மாதிரித் தலைப்பில், முதல் ஒரு மணி நேரம் வரதட்சிணை எப்படி வேறு வேஷம் போட்டு வருகிறது என்று பச்சையாகத் தெரியும். முடிவுரையில் அது பெற்றோர் பாசமாகக் கரைந்துபோகும். எனக்கு அந்த முதல் ஒரு மணி நேரம் போதும்.

இன்னொரு குறை தலைப்புகள். கணவன் மனைவி, மாமியார் மருமகள் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. ஆரம்ப வருடங்களில் ஞாயிறு இரவில் வந்தபோது சாதி, கல்வி, தொழில் என்று கடினமான விஷயங்களை விருந்தினர்களோடு நிதானமாகப் பேசினார்கள். மதியத்துக்கு மாறியபின் சாப்பாட்டுத் தட்டோடு குடும்பமே பார்க்கிறது, தலைப்பும் அதற்கேற்ப இளகிவிட்டது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். டிஆர்பி யாரை விட்டது?

அவர் சம்பளம் எவ்வளவு?

இணையத்தில் சுற்றும் தொகைகளை நம்ப வேண்டாம். அவரோ சேனலோ வெளியிட்டவை அல்ல. பொதுவாக இந்தத் தொழிலில் எபிசோடுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். முகம் தெரிந்த தொகுப்பாளருக்கு டிவிக்கு வெளியேயும் வரும்படி உண்டு: கல்லூரி விழா, கம்பெனி நிகழ்ச்சி, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம்.

நானும் தொகுப்பாளர் ஆக வேண்டும். அவரைப் பார்த்து என்ன கற்கலாம்?

கோட்டும் கையாட்டும் வேண்டாம். உங்கள் பாட்டியிடம் உட்கார்ந்து அவர் கல்யாண நாளைப் பற்றி மட்டும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எத்தனை இடத்தில் நீங்கள் குறுக்கே பேசியிருக்கிறீர்கள் என்று திரும்பக் கேட்டால் தெரியும். அடுத்த முறை அதைப் பாதியாகக் குறைக்கப் பாருங்கள். தெளிவான உச்சரிப்புக்கு அப்துல் ஹமீத்தின் பழைய ஒலிப்பதிவுகள், கேள்விக்குக் கோபிநாத்.

இதுவரை பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

ஜியோஹாட்ஸ்டாரில் எபிசோடுகள் இருக்கின்றன. யூடியூபில் துண்டுதுண்டாகக் கிடைக்கும். துண்டுகளை மட்டும் பார்க்காதீர்கள், அழுகையும் சண்டையும்தான் அங்கே மிஞ்சும். பிரபலங்கள் வராத, தொழில் சார்ந்த தலைப்பு ஒன்றாக எடுங்கள்: ஆட்டோ ஓட்டுநர்களும் பயணிகளும், வீட்டு வேலை செய்பவர்களும் வீட்டுக்காரர்களும் என்கிற மாதிரி. முழுதாகப் பாருங்கள். பின்னணி இசை ஏறும்போது அணைத்துவிட்டால் போதும்.